வெப்பம் மிகும் நாட்களும் தாதியர் கடமையும்

நோயாளியின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவர் தாதியே ஆவார். வைத்தியர் குறித்த வேளைகளில் வார்டைப் பார்வையிட்டு மருந்து எழுதிச் செல்கிறார். தாதியோ முறை வைத்து இரவும் பகலும் அங்கேயே இருந்து, உடல் வெப்பத்தையும் நாடித் துடிப்பையும் குறித்து, நீர் அருந்துவித்து, தூக்கத்தையும் வலியையும் கவனித்து வருகிறார். நாட்டுப்புறங்களிலோ பல குடும்பங்கள் அறிந்த சுகாதார ஊழியர் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான். உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023-இல் உலகெங்கும் 2 கோடியே 98 லட்சம் தாதியர் பணிபுரிந்தனர். சுகாதாரத் தொழில்களில் இத்தனை பெரிய சேனை வேறில்லை.

இச்சேனையின் முன் இன்று புதியதொரு பணி வந்து நிற்கிறது. நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றை எரிப்பதால் காற்றுமண்டலத்திலுள்ள கரியமிலவாயு பெருகி வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இப்பொழுது 420 பங்கைக் கடந்துவிட்டது. 1850 முதல் 1900 வரையிலான காலத்தின் சராசரியை விட 2024-ஆம் ஆண்டில் பூமியின் வெப்பநிலை சுமார் 1.55 டிகிரி சென்டிகிரேட் அதிகமாக இருந்ததென உலக வானிலை ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. இந்தியாவிலும் 1901 முதல் எடுக்கப்பட்டு வரும் பதிவுகளில், 2024-ஆம் ஆண்டே மிகவும் வெப்பமானதாகும். தட்பவெப்பநிலையில் நேர்ந்துள்ள இம்மாறுதல் வானிலை நிபுணர்களின் ஆராய்ச்சிப் பொருள் மட்டுமன்று. வெயிலில் மயங்கி விழுந்த கூலியாளாகவும், வெள்ளத்திற்குப் பின் ஜுரம் கண்ட சிறுவனாகவும் அது ஆஸ்பத்திரி வாயிலுக்கு வந்து சேர்கிறது. அங்கே முதலில் எதிர்கொள்பவர் தாதியே.

இம்மாறுதலைப் பற்றித் தாதியர் என்ன எண்ணுகின்றனர்? எண்ணியதில் எவ்வளவு செயலாகிறது? எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே வேற்றுமை இருப்பின் அதற்குக் காரணம் யாது? களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய கேள்விகள் இவை.

பழைய வழக்கத்தின் தொடர்ச்சி

சுற்றுப்புறத்தைக் கவனிப்பது தாதித் தொழிலுக்குப் புதிதன்று; அத்தொழிலின் வேரே அதுதான். நவீன தாதித் தொழிலை நிறுவிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய நூலில், நல்ல வீட்டிற்கு ஐந்து இன்றியமையாதவை எனத் தூய காற்று, தூய நீர், செம்மையான கழிவுநீர்ப் போக்கு, துப்புரவு, வெளிச்சம் ஆகியவற்றைக் குறிப்பிட்டார். மருந்து இவற்றுக்குப் பின்னரே வருகிறது.

அவ்வம்மையாருக்கு இந்தியாவுடனும் தொடர்பு உண்டு. அவர் இந்நாட்டிற்கு வந்ததே இல்லை. எனினும் இந்தியாவிலிருந்த பட்டாளத்தின் சுகாதார நிலையை ஆராய அமைந்த ராயல் கமிஷனுக்காகப் பாசறைகளிலிருந்து விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். 1863-இல் வெளியான அவ்வறிக்கை, ஆண்டுதோறும் ஆயிரம் சிப்பாய்களில் 69 பேர் மரணமடைந்து வந்ததைக் காட்டியது. போரினும் அசுத்த நீரும், காற்றோட்டமற்ற நெருக்கமான பாசறைகளுமே அதிக உயிர்களைக் குடித்தன என்று அவர் எடுத்துரைத்தார். சீர்திருத்தங்களுக்குப் பின் பத்தாண்டுகளில் அவ்வெண் 18 ஆகக் குறைந்தது. நோயாளியின் படுக்கையிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து சர்க்காரின் கொள்கைக்கும் செல்லும் பாதையை அவர் காட்டினார். இன்றைய தாதியிடம் கேட்கப்படுவதும் அப்பாதையில் நடப்பதே.

உடல் உஷ்ணத்தைச் சமாளிக்கும் விதம்

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரியில் நிலைநிறுத்தப்படுகிறது. வெப்பம் மிகும்பொழுது தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியே கொணர்கின்றன. வியர்வை சுரந்து ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகிறது. புறக்காற்று உடலை விடச் சூடாகிவிட்டால், வெப்பத்தை வெளியேற்ற எஞ்சி நிற்கும் ஒரே வழி வியர்வைதான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. வழிந்தோடும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. கடற்கரை ஊர்களில் 38 டிகிரியும், உள்நாட்டில் 42 டிகிரியும் ஒரே அளவு துன்பத்தைத் தரக்கூடுவது இக்காரணத்தால்தான். இந்திய வானிலைத் துறையும் வெப்ப அலையைக் கருத, சமவெளிகளில் 40 டிகிரியையும், கடற்கரையில் 37 டிகிரியையும், மலைப்பகுதிகளில் 30 டிகிரியையும் தொடக்க வரம்பாகக் கொண்டுள்ளது.

இச்சமநிலை குலையும்பொழுது முதலில் தசைப்பிடிப்பும், பின்னர் சோர்வு, தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவையும் தோன்றுகின்றன. உள்வெப்பநிலை 40 டிகிரியை எட்டி அறிவு தடுமாறுமாயின் அது வெப்பத்தாக்கு, அதாவது ஆஸ்பத்திரிகளில் ஹீட் ஸ்ட்ரோக் என்று வழங்கும் ஆபத்தான நிலை. பிதற்றல், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் ஒரு நிமிஷமும் தாமதித்தலாகாது.

இங்குத் தாதியர் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, வெப்பத்தாக்கில் தோல் உலர்ந்தே இருக்கும் என்று கருதுதல் தவறு; வெயிலில் உழைத்து விழுந்தவரின் உடல் வியர்வையில் நனைந்திருக்கக் கூடும். இரண்டாவது, அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் உள்வெப்பநிலையைக் குறைத்தே காட்டும். இயலுமாயின் ஆசனவாயில் வைத்தே அளத்தல் வேண்டும். மூன்றாவது, பாரசிட்டமால் போன்ற ஜுர மருந்துகள் இதற்குப் பயன்படா. ஜுரத்தில் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு உயர்ந்த நிலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. மருந்து அதைத் தாழ்த்துகிறது. வெப்பத்தாக்கில் கட்டுப்பாடு மாறவில்லை, தோற்றுவிட்டது. ஆகவே நோயாளியை நிழலுக்குக் கொணர்ந்து, ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி விசிறுவதும், வசதி இருப்பின் குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்துவதுமே சிகிச்சை. அரைமணிக்குள் வெப்பநிலையை 39 டிகிரிக்குக் கீழே கொணர்வது நோக்கமாதல் வேண்டும். நினைவற்றவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குவதே உயிரைக் காப்பாற்றும்.

ஆமதாபாத் கற்பித்த பாடம்

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆமதாபாத் நகரத்தை ஒரு பெரும் வெப்ப அலை தாக்கியது, வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கமாக எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையை விட 1,344 மரணங்கள் மிகுதியாக நேர்ந்தன என்று பின்னர் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். அம்மரணங்களில் பெரும்பாலானவை வெப்பத்தால் நேர்ந்தவை என்று அந்நாளில் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. இருதய நோய், சிறுநீரக நோய், முதுமை என்று தனித்தனியே பதிவாகி, கணக்கைக் கூட்டியபோதே உண்மை வெளிப்பட்டது. வெப்பம் ஓசையின்றிக் கொல்கிறது என்பதற்கு இது சான்று.

அந்நகரத்திலுள்ள ஒரு நகராட்சி ஆஸ்பத்திரியின் பதிவுகளை ஆராய்ந்தபோது வேறோர் உண்மையும் புலனாயிற்று. புறவெப்பநிலை 42 டிகிரியைக் கடந்தபின், ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும், வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் பிறந்த சிசுக்களின் எண்ணிக்கை 43 சதவீதம் பெருகியது. பேறுகால வார்டு கட்டிடத்தின் மேல்தளத்தில், வெயில் காயும் கூரைக்கு நேர் கீழே அமைந்திருந்தது. பின்னர் அது கீழ்த்தளத்தில் அமைந்தபொழுது இவ்வாறு சேர்க்கப்பட்ட சிசுக்களின் தொகை பெரிதும் குறைந்தது. இதற்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. பச்சிளங் குழந்தையால் வியர்வை சுரந்து தன்னைக் குளிர்வித்துக் கொள்ளுதல் நன்கு இயலாது. போர்வையை நீக்கவோ, நீர் கேட்கவோ அதற்குத் தெரியாது. எந்தத் தளத்தில், எந்த ஜன்னலருகில் உள்ள குழந்தைகள் வாடுகின்றன என்பதைத் தினமும் காணும் நிலையில் இருப்பவர் வார்டுத் தாதி. அவர் கண்டது குறிப்பேட்டில் ஏறி, குறிப்பேடு மேலதிகாரியின் கவனத்துக்குச் சென்றால் வார்டு இடம் மாறும். இல்லையேல் அடுத்த கோடையிலும் அதே துயரம் நிகழும்.

இவ்வனுபவங்களின் பயனாக 2013-இல் ஆமதாபாத் மாநகராட்சி, காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதாரக் கழகம் முதலியவற்றுடன் கூடி, தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பச் செயல் திட்டத்தை வகுத்தது. வானிலை முன்னறிவிப்பைக் கொண்டு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை விடுத்தல், வைத்தியருக்கும் தாதியருக்கும் களப்பணியாளருக்கும் பயிற்சி அளித்தல், குடிநீர்ப் பந்தல்கள் அமைத்தல், ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெண்மை பூசுதல் என்று அத்திட்டம் விரிந்தது. இதனால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்று 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. அதன்பின் பல மாநிலங்களும் நகரங்களும் இவ்வழியைப் பின்பற்றின. மத்திய சர்க்கார் 2015 முதல் வெப்ப நோய்களின் கண்காணிப்பைத் தொடங்கியது. 2019-இல் தட்பவெப்பநிலை மாறுதலும் மக்கள் ஆரோக்கியமும் பற்றிய தேசியத் திட்டத்தையும் நிறுவியது.

தாதியரின் எண்ணமும் செயலும்

சர்வதேசத் தாதியர் கவுன்சில் 2018-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தட்பவெப்பநிலை மாறுதலைத் தணிப்பதிலும் அதன் விளைவுகளுக்கு மக்களை ஆயத்தப்படுத்துவதிலும் தாதியர் பங்கேற்க வேண்டுமென வற்புறுத்தியது. ஆனால் அறிக்கை வேறு, வார்டில் நடப்பது வேறு. இவ்விடைவெளியை அளக்கவே அமெரிக்கத் தாதி ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். அறிந்திருத்தல், கவலை கொள்ளுதல், செயல்பட விழைதல், வீட்டில் செய்வது, பணியிடத்தில் செய்வது என்ற ஐந்து பிரிவுகள் அதில் உண்டு. வீட்டையும் பணியிடத்தையும் தனித்தனியே பிரித்துக் கேட்டதே அதன் சிறப்பு. இதைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் கவலையும் விருப்பமும் மிகுதியாகவும், செயல் அதனினும் குறைவாகவும் காணப்பட்டன. வீட்டில் மின்சாரத்தைச் சிக்கனம் செய்பவர்கூட, பணியிடத்தில் இதைப் பற்றிச் சக ஊழியரிடமோ நோயாளியிடமோ பேசுவது அரிதாக இருந்தது.

2012-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், பொதுச் சுகாதாரத் தாதியர் பெரும்பாலோர் இதைத் தங்கள் தொழிலின் பொறுப்பென ஒப்புக்கொண்டனர். ஆயினும் அதை நிறைவேற்றும் வல்லமை தங்கள் இலாகாவுக்கு இல்லை என்று கருதினர். 2015-இல் வெளியான ஒரு ஸ்வீடன் நாட்டு ஆய்வில், தட்பவெப்பநிலைப் பிரச்சினையும் தங்கள் அன்றாட அலுவலும் ஒன்றோடொன்று பொருந்தாதவையாகத் தாதியருக்குத் தோன்றியது.

இதைக் கொண்டு தாதியரைக் குறை கூறுதல் நியாயமாகாது. வீட்டில் விளக்கை அணைக்க எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. ஆஸ்பத்திரியில் எந்தக் கருவி வாங்குவது, எந்த வார்டு எங்கே இருப்பது என்பவற்றைத் தீர்மானிப்பவர் வேறொருவர். ஒரு தாதி பல நோயாளிகளைக் கவனிக்க வேண்டிய நிலையில் நேரமும் இல்லை. படித்த பாடத்திலும் இதற்கு அதிக இடம் இல்லை. ஆகவே பற்றாக்குறை மனத்தில் இல்லை. பயிற்சி, நேரம், அதிகாரம் ஆகிய மூன்றிலேயே உள்ளது. தாதியின் கவலையை மேலும் தூண்டும் பிரசங்கங்களை விட, இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைச் சிறிதளவாவது அளிக்கும் ஏற்பாடே அதிகப் பயன் தரும்.

ஆஸ்பத்திரியே ஒரு காரணம்

நோயைத் தீர்க்கும் ஆஸ்பத்திரியும் வெப்பத்தைப் பெருக்குவதில் பங்கு கொண்டுள்ளது. உலகின் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 4.4 சதவீதம் சுகாதாரத் துறையிலிருந்து எழுவதாக 2019-இல் ஒரு கணக்கீடு வெளியாயிற்று. மின்சாரம், மருந்து, கருவி உற்பத்தி, போக்குவரத்து ஆகியவை இதில் அடங்கும். சத்திரசிகிச்சையில் பயன்படும் டெஸ்ஃப்ளுரேன் என்னும் மயக்க வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப் போல 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கவல்லது. ஐரோப்பிய நாடுகள் இதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியுள்ளன.

சிக்கனம் என்பது நோயாளியின் பாதுகாப்பைக் குறைப்பது என்று பொருள்படாது. லண்டனிலுள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், தேவையற்ற இடங்களில் கையுறை அணிவதைக் குறைக்கும் இயக்கம் ஒன்று 2018-இல் தாதியர் தலைமையில் நடைபெற்றது. இரத்தம், உடல் திரவங்கள் ஆகியவற்றைத் தொடுமிடத்தில் கையுறை கட்டாயம் வேண்டும். மற்ற வேளைகளில் கை கழுவுதலே தக்க பாதுகாப்பு என்று விளக்கப்பட்டது. ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக்கும் 90,000 பவுனும் மிச்சமாயின.

நம் நாட்டில் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் 2016-இல் திருத்தியமைக்கப்பட்டன. தொற்றுக் கழிவுக்கு மஞ்சள், மறுசுழற்சிக்குரிய பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ஊசி முதலிய கூரிய பொருள்களுக்கு வெண்மை, கண்ணாடிக்கு நீலம் எனக் கலங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பழத்தோலும் காகிதமும் மஞ்சள் பையில் விழுந்தால் அவையும் எரிசூளைக்கே செல்கின்றன. எரிபொருளும் வீண், புகையும் மிகுதி. பையைச் சரியாகத் தேர்வது தாதியின் கையில் நேரடியாக உள்ள செயல். இதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

கிராமத்துப் பணியில்

வெப்பம் மட்டுமே விளைவன்று. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசுவின் உடலில் கிருமி முதிர்ந்து பரவும் நிலையை அடைய 25 டிகிரியில் சுமார் 15 நாட்கள் வேண்டும். 30 டிகிரியில் சுமார் 6½ நாட்களே போதும். கொசுவின் ஆயுள் சில வாரங்களே ஆதலால் இவ்வேற்றுமை பெரிது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் நேர்ந்த பெருவெள்ளத்திற்குப் பின் எலிக் காய்ச்சல் பரவியது. வெள்ளநீரில் இறங்கித் துப்புரவு செய்தோருக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழங்கித் தடுக்க முயன்ற பணியில் களத்திலிருந்த சுகாதார ஊழியர் உழைப்பு குறிப்பிடத்தக்கது.

தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காப்பது கோடையில் கடினமாகிறது. பல குப்பிகளின் மேலுள்ள வெப்பக் குறியில், உட்சதுரம் வெளிவட்டத்தை விட வெளிறியிருக்கும்வரை, காலாவதியாகாத மருந்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானால் அல்லது உட்சதுரம் கருத்தால் விலக்க வேண்டும். மின்சாரம் தடைப்படும் இடங்களில் சூரிய ஒளி மின்சாரம் நல்ல துணையாகிறது. சத்தீஸ்கர் மாநிலத்தில் இவ்வசதி பெற்ற ஆரம்ப சுகாதார நிலையங்களில், மின்பற்றாக்குறையுள்ள பிற நிலையங்களை விடப் பிரசவங்கள் ஏறத்தாழ இருமடங்கு நிகழ்ந்ததாக ஓர் ஆய்வு கண்டது. புகையைக் குறைக்கும் ஏற்பாடே தாய்க்கும் சேய்க்கும் நன்மை செய்வதை இதில் காணலாம்.

கிராம சுகாதார செவிலியர் கோடை தொடங்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு. தம் பகுதியிலுள்ள தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வெயிலில் உழைப்போர் ஆகியோரின் பட்டியலை ஆயத்தம் செய்தல் முதலாவது. சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை, மனநோய் மருந்து ஆகியவற்றை உட்கொள்வோரையும் அதில் சேர்க்க வேண்டும். இம்மருந்துகளில் பல உடலின் வெப்பச் சமநிலையைப் பாதிக்கவல்லவை. மருந்தைத் தாமே நிறுத்தாமல் வைத்தியரைக் கலந்துகொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லுதல் அவசியம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் முறையைச் செய்து காட்டலாம். நீராகாரம், மோர், எலுமிச்சைச் சாறு ஆகிய பழக்கமான பானங்களையும் பரிந்துரைக்கலாம். தடுப்பூசி முகாமைக் காலை வேளைக்கு மாற்றுவது தாய்மாருக்கும், வெயிலில் நடந்து வரும் செவிலியருக்கும் நலம். செவிலியரின் உடலும் வெப்பத்துக்கு விலக்கானதன்று என்பதை மேலதிகாரிகள் மறக்கலாகாது.

இவற்றோடு, வெப்பத்தால் மயங்கியவரைப் பற்றிய விவரத்தை அன்றே பதிவேட்டில் குறித்தல் வேண்டும். எழுதப்படாத நோய் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்குத் திட்டம் பிறக்காது. அதே வேளையில் எச்சரிக்கையும் தேவை. ஒரு நோயாளியின் மயக்கத்துக்குப் பூமி வெப்பமடைதலே காரணம் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. வெப்ப அலைகள் அடிக்கடியும் கடுமையாகவும் வருகின்றன என்பதே நிலைபெற்ற உண்மை. அளவோடு கூறினால் மக்கள் நம்புவர். அச்சமூட்டினால் கேளாது விடுவர்.

பள்ளியும் பயிற்சி நிலையமும்

தாதிப் பயிற்சி நிலையங்களில் இப்பொருளைத் தனிப்பாடமாக வைப்பதை விட, இருக்கும் பாடங்களோடு இணைப்பது எளிது. குழந்தை வளர்ப்பைக் கற்பிக்கும்போது சிசுவின் வெப்பச் சமநிலையையும், மருந்தியலில் வெப்பத்தைப் பாதிக்கும் மருந்துகளையும், சமூக சுகாதாரத்தில் எச்சரிக்கை நிறங்களையும் சேர்த்துவிடலாம். மாணவியர் ஒரு வாரம் வார்டின் வெவ்வேறு மூலைகளில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுக் காலையும் பிற்பகலும் வெப்பநிலையைக் குறித்துப் படம் வரைந்தால், எந்தப் படுக்கை எவ்வளவு சூடாகிறது என்பது தெளிவாகும். அப்படம் மேலதிகாரியிடம் பேசும் சாதனமுமாகும்.

பள்ளி ஆசிரியரும் இதே பரிசோதனையை வகுப்பறையில் செய்விக்கலாம். ஓட்டுக் கூரை, தகரக் கூரை, வெண்மை பூசிய கூரை ஆகியவற்றின் கீழுள்ள வெப்பநிலைகளை மாணவர் ஒப்பிடட்டும். உள்ளூர்ச் செவிலியரை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, மயங்கி விழுந்தவரைக் குளிர்விக்கும் முறையைச் செய்து காட்டச் செய்தால், அறிவு அன்று மாலையே வீடுகளுக்குச் சென்று சேரும்.

பூமியின் வெப்பத்தை ஒரு தாதியால் தணிக்க இயலாது. நிலக்கரிக்கு மாற்றுக் காண்பது நாடுகளின் பொறுப்பு. ஆனால் வெப்பம் மிகுந்த நாளில் எந்தக் குழந்தை எந்தக் கூரையின் கீழ்ப் படுத்திருக்கிறது என்பதை அறிந்தவர் தாதி. அவர் காண்பதை எழுதவும், எழுதியதை அதிகாரிகள் படிக்கவும், படித்ததன்மேல் நடவடிக்கை எடுக்கவும் வழி உண்டாக்கினால், கவலைக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரம் குறையும்; அடுத்த கோடையில் சில உயிர்களேனும் காக்கப்படும்.